கடாரத்தின் சான்றுகள் நம் கைக்கு எட்ட வேண்டும்

கிள்ளான் மண்ணில் கிடைத்த வெண்கல மணி ஒன்று லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்குப் பெயரே கிள்ளான் மணிதான். கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கணிக்கிறார்கள். ஈயம் தேடி ஆட்கள் வருவதற்கும், ரயில் வருவதற்கும், நம் முன்னோர் ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்து இறங்குவதற்கும் சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, இப்படியொரு பொருளை வைத்திருக்கும் அளவுக்கு வசதியும் வெளித்தொடர்பும் உள்ள மனிதர்கள் அந்த ஆற்றோரத்தில் வாழ்ந்திருக்கிறார்கள். தெங்கு கிளானா சாலையில் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரிந்தவர்களும் அந்த மணியைப் பார்க்க லண்டனுக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் அந்த அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பைத் திறந்து படத்தைப் பார்க்க வேண்டும்.

கடல் கடந்த பொருளுக்குத்தான் இந்த நிலை என்றில்லை. சிலாங்கூரில் கம்போங் சுங்கை லாங்கில் 1964இல் ஒரு மண்மேட்டுக்குள்ளிருந்து இரண்டு வெண்கல முரசுகள் கிடைத்தன. ஒரு மரப்பலகையின் மேல் அவை வைக்கப்பட்டிருந்தன. வடக்கு வியட்நாமில் பிறந்த டோங் சோன் பண்பாட்டின் முரசுகள் அவை. கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் லட்சக்கணக்கானோரில் பெரும்பாலோர் அந்தக் கம்பத்தின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பொருள் கிடைத்திருக்கிறது, அறிஞர்கள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அது ஊர் மக்கள் காதுக்கு வந்து சேரவில்லை.

இந்த இடைவெளியை அடைக்கும் கருவி இன்று எல்லார் சட்டைப்பையிலும் இருக்கிறது. முப்பரிமாணப் பதிவு, தொடுதிரை, கைப்பேசியில் ஒலிக்கும் வழிகாட்டி, காணொளி, முகநூல், புலனம் என்று அருங்காட்சியகங்கள் கையாளக்கூடிய வழிகள் பெருகிவிட்டன. ஆனால் இவற்றை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்ற கேள்வியை நம் நாட்டில் போதுமான அளவு கேட்பதில்லை என்பது என் கவலை. கூட்டத்தை இழுக்க ஒரு பெரிய திரை, படம் எடுத்துப் போட ஒரு வண்ணச் சுவர் என்ற அளவில் நின்றால் போதாது. ஒரு தொல்பொருளுக்குப் பக்கத்தில் வாழும் மக்கள், அதைத் தங்களுடையது என்று உணர்ந்து காக்கும் அளவுக்கு அதை அறிந்துகொள்கிறார்களா? புதிய ஊடகத்துக்கு நான் வைக்கும் அளவுகோல் இது ஒன்றுதான்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கெடாவில் நடந்ததை நாம் பார்த்துவிட்டோம். 2013 டிசம்பரில் பூஜாங் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு செய்தி வந்தது. சுங்கை பத்து தோட்டத்தில் இருந்த 11ஆம் எண் சண்டி இடிக்கப்பட்டுவிட்டது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழமையான வழிபாட்டுக் கட்டடத்தின் அடித்தளம், வீடமைப்புத் திட்டத்துக்காக நிலத்தைச் சமன்செய்தபோது மண்ணோடு மண்ணாகிவிட்டது. பூஜாங் பள்ளத்தாக்கைப் பற்றி நூல் எழுதிய டத்தோ வி. நடராஜன் போன்றவர்கள் குரல் கொடுத்த பிறகுதான் நாடே திரும்பிப் பார்த்தது. முகநூலில் கோபம் கொந்தளித்தது. நாளிதழ்கள் தலைப்புச் செய்தி போட்டன. அதெல்லாம் இடித்த பிறகு.

அந்தச் சண்டி யாருக்கும் தெரியாத ஒன்றல்ல. பிரிட்டிஷ் ஆய்வாளர் குவாரிட்ச் வேல்ஸ் தம் மனைவி டோரதியோடு 1936–37இல் அப்பகுதியில் முப்பது இடங்களைத் தோண்டி எண் போட்டார். 11 என்ற எண்ணே அந்த வரிசையில் வந்ததுதான். எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நூலகத்தில் பதிவாகியிருந்த இடம், இயந்திரத்தை ஓட்டியவருக்குத் தெரியவில்லை. அங்கே ஓர் அறிவிப்புப் பலகை இருந்திருந்தால், அந்த வட்டாரப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் அது பாடமாகியிருந்தால், வரைபடத்தைத் திறக்கும் எவர் கைப்பேசியிலும் அந்த இடத்தில் ஒரு புள்ளி மின்னியிருந்தால், இயந்திரம் உள்ளே வரும் முன்பே நான்கு பேர் குறுக்கே போய் நின்றிருப்பார்கள். 2005ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டம் ஏற்கெனவே இருந்தது. சட்டம் மட்டும் காவல் காக்காது. தெரிந்த கண்கள் காக்கும்.

பூஜாங் பள்ளத்தாக்குக்கு இதுவரை போகாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். செராஸிலிருந்து காரில் புறப்பட்டால் நான்கைந்து மணி நேரப் பயணம். குனோங் ஜெராய் மலையடிவாரத்தில் மெர்போக்கில் 1980இல் திறக்கப்பட்ட தொல்லியல் அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் வளாகத்தில் இருக்கும் புக்கிட் பத்து பஹாட் சண்டியை 1959–60இல் அலஸ்டர் லாம்ப் தலைமையில் மீண்டும் கட்டி எழுப்பினார்கள். கருங்கல் அடுக்கிய மேடை, தூண் நட்டிருந்த கற்குழிகள், பக்கத்திலேயே சலசலக்கும் ஓடை. அங்கே தோண்டியபோது கிடைத்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தவை சின்னக் கல்பேழைகள். ஒவ்வொன்றிலும் ஒன்பது குழிகள்: நடுவில் ஒன்று, சுற்றிலும் எட்டு. கோயில் எழுப்பும்போது மணிகளும் பொன்தகடும் இட்டுப் புதைத்த பேழைகள் அவை. இன்றும் நம் கோயில்களில் மூர்த்தியை நிலைநிறுத்தும்போது அடியில் நவரத்தினம் இடுகிறோம். அதைக் கண்ணால் கண்ட ஒருவருக்கு அந்தப் பேழையை யாரும் விளக்க வேண்டியதில்லை, பார்த்தவுடன் புரிந்துவிடும்.

அதே வளாகத்தில் வேறு சில சண்டிகளும் உள்ளன. அவை பிறந்த இடம் அதுவல்ல. ஆற்றங்கரைகளில் கிடைத்தவற்றைப் பாதுகாப்புக்காகப் பெயர்த்துக்கொண்டுவந்து அங்கே அமைத்தார்கள். பாதுகாப்பு கிடைத்தது, இடம் தொலைந்தது. பெங்காலான் பூஜாங் சண்டி ஒரு துறைமுகக் குடியிருப்பின் நடுவே, கப்பல்காரர்கள் வந்து இறங்கும் கரையில் இருந்தது என்பதை மலையடிவாரப் புல்வெளியில் நின்று பார்ப்பவர் எப்படி உணர்வார்? இங்கேதான் புதிய ஊடகத்துக்கு உண்மையான வேலை இருக்கிறது. கைப்பேசியை அந்தச் செங்கல் மேடைக்கு நேரே பிடித்தால் பழைய ஆற்றுப்போக்கும் கரையும் குடியிருப்பும் திரையில் எழ வேண்டும். கல்லால் சொல்ல முடியாததைத் திரை சொல்ல வேண்டும்.

தொல்லியலில் பலர் யோசிக்காத ஒன்று உண்டு. அகழாய்வு ஒரு முறைதான் நடக்கும். ஒரு மண்ணடுக்கைத் தோண்டி எடுத்துவிட்டால் மறுபடி அதை அப்படியே போட முடியாது. அதற்குப் பிறகு மிஞ்சுவது பொருளும் பதிவும் மட்டுமே. எந்தப் பானை ஓடு எத்தனை அடி ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்ற குறிப்பு தொலைந்தால் அந்த ஓடு ஊமையாகிவிடும். ஆகவே குழி தோண்டும்போதே முப்பரிமாணத்தில் பதிந்துவைப்பதை அலங்காரச் செலவு என்று நினைக்கக் கூடாது. அந்தப் பதிவே பாரம்பரியத்தில் பாதி.

அதைச் செய்யும் முறையும் இன்று எட்டாக்கனி அல்ல. ஒரு சிலையைச் சுற்றி வந்து, ஒவ்வொரு படமும் முந்தைய படத்தோடு கொஞ்சம் ஒட்டி வரும்படி நூற்றுக்கணக்கில் எடுக்கிறார்கள். அந்தப் படங்களில் பொதுவாக இருக்கும் புள்ளிகளைக் கணினி தேடிப் பொருத்தி, சிலையின் மேடுபள்ளத்தை மறுபடி உருவாக்குகிறது. தேய்ந்துபோன எழுத்துகளுக்கு வேறொரு முறை இருக்கிறது. கேமராவை அசைக்காமல் நிறுத்திவிட்டு, விளக்கை மட்டும் கோணம் கோணமாக மாற்றிப் படம் எடுப்பார்கள். பிறகு திரையில் வெளிச்சத்தை நகர்த்திப் பார்க்கலாம். நேராகப் பார்த்தால் வெறும் கல்லாகத் தெரிவதில், பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது கீறல்கள் நிழல் கட்டி எழுத்தாக எழுந்து நிற்கும். கோயில் சுவரில் சாயங்கால வெயில் சரிந்து விழும்போது கல்வெட்டு தெளிவாவதைப் பார்த்தவர்களுக்கு இந்த நுட்பத்தின் அடிப்படை உடனே பிடிபடும். தமிழ்ப் பிராமி கீறிய ஓடுகளுக்கும் பல்லவ எழுத்துப் பொறித்த கற்களுக்கும் இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை.

கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியகத்துக்கு வருவோம். 1945 மார்ச்சில் குண்டுவீச்சில் சிதைந்த பழைய சிலாங்கூர் அருங்காட்சியகம் நின்ற இடத்தில், 1963 ஆகஸ்ட் 31 அன்று திறக்கப்பட்டது அது. முதல் காட்சிக்கூடத்தில் தொல்காலம். அங்கே ஒரு வெண்கல அவலோகிதேஸ்வரர் சிலை உண்டு. 1936இல் பேராக்கின் பீடோரில் ஈயச் சுரங்கத்தில் கிடைத்தது. உயரம் மூன்றடிகூட இருக்காது. எட்டுக் கைகள், இடையில் புலித்தோல், தலைமுடியில் அமிதாப புத்தர். அந்தப் புலித்தோலை எப்படிச் சுற்றியிருக்கிறது, முதுகுப்புறத்தை எப்படி வார்த்திருக்கிறார்கள் என்பதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று முழுமையாகப் பார்க்க முடியாது. அதன் முப்பரிமாணப் பதிவு ஒவ்வொரு பள்ளியின் கணினி அறையிலும் சுழல வேண்டும். எட்டு வயதுப் பிள்ளை அதை விரலால் திருப்பிப் பார்த்துவிட்டு, அசலைப் பார்க்க வேண்டும் என்று வீட்டில் அடம்பிடிக்க வேண்டும். நல்ல பதிவு அருங்காட்சியகத்துக்குப் போட்டியாகாது, ஆளை அங்கே அழைத்துவரும்.

அங்குள்ள விளக்கப் பலகைகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் உள்ளன. நம் பிள்ளைகள் இரண்டையும் நன்றாகப் படிக்கிறார்கள், அதில் குறையில்லை. ஆனால் அவர்களோடு வரும் பாட்டிக்கும், தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தாத்தாவுக்கும் அந்தப் பலகைகள் பேசுவதில்லை. சுவரில் மூன்றாவது மொழிக்கும் நான்காவது மொழிக்கும் இடம் தேடுவது சிரமம் என்ற வாதம் முன்பு செல்லுபடியானது. கைப்பேசியில் ஒலி வழிகாட்டிக்குச் சுவரே தேவையில்லை. ஒரு கட்டக் குறியீட்டைக் காட்டினால் தமிழில் இரண்டு நிமிடம் பேச வைக்கலாம். மாண்டரினிலும் இபானிலும் பேச வைக்கலாம். மின்னல் பண்பலையில் தமிழை அழகாகப் பேசும் குரல்கள் நம் நாட்டில் எத்தனையோ இருக்கின்றன.

கீழடியைப் பாருங்கள். சிவகங்கை மாவட்டத்து ஊர் அது. பத்து ஆண்டுக்குள் உலகத் தமிழர் வாயிலெல்லாம் புழங்கும் பெயராகிவிட்டது. 2019இல் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கை, அங்கு கிடைத்த மாதிரி ஒன்றின் காலம் கி.மு. 6ஆம் நூற்றாண்டு என்று சொன்னது. அந்த அறிக்கை தமிழிலும் வந்ததும், சாதாரண வாசகர் வாங்கிப் படித்ததும்தான் எனக்குப் பெரிய செய்தி. 2023 மார்ச் 5 அன்று திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீட்டின் அமைப்பில் எழுந்தது. பானை ஓட்டில் கீறிய 'ஆதன்', 'குவிரன்' என்ற பெயர்களைத் தன் தாய்மொழியில் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு ஒரு பள்ளி மாணவி வெளியே வருகிறாள். அவளிடம் தொல்லியலைப் பற்றி இனி யாரும் பிரசங்கம் செய்யத் தேவையில்லை.

கீழடியின் பக்கத்து ஊர் கொந்தகையில் முதுமக்கள் தாழிகளில் கிடைத்த இரண்டு மண்டையோடுகளைக் கொண்டு, மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து இரு ஆண்களின் முகங்களைக் கணினியில் உருவாக்கி 2025இல் வெளியிட்டன. புலனக் குழுக்களில் அந்த முகங்கள் சுற்றிச்சுற்றி வந்தன. பார்த்ததும் சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் நெகிழ்ந்தவர்கள் பலர். நானும் நெகிழ்ந்தேன். அதோடு ஒரு விளக்கமும் சேர்ந்து பயணப்பட்டிருக்க வேண்டும். தாடையும் மூக்கின் அகலமும் எலும்பின் அளவிலிருந்து வருபவை. தோல் நிறம், முடி, கண் எல்லாம் அப்பகுதி மக்களின் சாயலைக் கொண்டு செய்த கணிப்பு. எது அளவு, எது கணிப்பு என்பதைப் படத்துக்குள்ளேயே சொல்லிவிட வேண்டும். ஏனெனில் புலனத்தில் படம் மட்டும் பயணம் செய்யும், அடிக்குறிப்பு கூடவே போகாது.

இந்த இடத்தில் நம்மவர்களிடம் வெளிப்படையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பழைய கெடாவான கடாரம் பற்றி நம் குழுக்களில் வருபவற்றில் பெரும்பகுதி சான்றில்லாதவை. 1025இல் ராஜேந்திர சோழனின் கடற்படை கடாரத்தைத் தாக்கியது என்பதற்கு அவனுடைய மெய்க்கீர்த்தி சான்று. அந்நிகழ்வின் ஆயிரமாவது ஆண்டான 2025இல் செயற்கை நுண்ணறிவு வரைந்த கப்பல்களும் கோட்டைகளும் நம் திரைகளை நிரப்பின. அங்கோர் வாட்டைப் போல ஒரு கோயிலைக் காட்டி, இதுதான் கெடாவில் சோழன் கட்டியது என்று எழுதிவிடுகிறார்கள். மெர்போக்கில் இருப்பவை சின்னச் சின்னச் செங்கல் அடித்தளங்களும் கல்மேடைகளும்தான். அவற்றில் பௌத்தமும் உண்டு, சைவமும் உண்டு. அவை எவருடைய படையெடுப்பின் நினைவுச்சின்னமும் அல்ல. காற்றின் திசை மாறும்வரை காத்திருந்த வணிகர்களும், அவர்களுக்குப் பொருள் கொடுத்த உள்ளூர் மக்களும், இரும்பு உருக்கியவர்களும் சேர்ந்து உண்டாக்கிய உலகம் அது. ஒருவர் கொடியை அதன் மேல் நட்டால் அடுத்தவர் அதை வெறுக்கத் தொடங்குவார். வெறுப்பு வந்த இடத்தில் கல் பிழைக்காது.

சுங்கை பத்துவில் 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வுகள் இரும்பு உருக்கிய உலைகளையும், ஊதுகுழாய்களையும், படித்துறை போன்ற செங்கல் கட்டுமானங்களையும் வெளிக்கொண்டுவந்தன. கி.மு. 6ஆம் நூற்றாண்டுக்கும் முன்பு போகிறது என்ற அறிவிப்பு உலகம் முழுக்கப் பரவியது. அவ்வளவு பழமையான காலக்கணிப்பை ஏற்காத அறிஞர்களும் இருக்கிறார்கள். இந்தக் கருத்து வேறுபாட்டை அருங்காட்சியகம் மறைக்கக் கூடாது. ஒரு தொடுதிரையில் இரண்டு பக்க வாதத்தையும் வைக்கலாம்: எந்தக் கரித்துண்டு, எந்த அடுக்கு, ஏன் ஐயம். பொதுமக்களுக்கு ஐயம் புரியாது என்று நினைப்பது அவர்களைக் குறைத்து மதிப்பிடுவது. உண்மையைச் சொன்னால் நம்பிக்கை கூடும்.

2023இல் கெடாவின் யான் வட்டாரத்தில் புக்கிட் சோராஸில் அதே பல்கலைக்கழகத்தின் குழு தியானத்தில் அமர்ந்த புத்தரின் சுதைச் சிலையைக் கண்டெடுத்தது. கிட்டத்தட்ட ஆள் உயரம். மண்ணிலிருந்து அந்த உருவம் பாதி வெளிப்பட்ட படங்கள் சில நாள்களில் நாடெங்கும் பரவின. பத்து ஆண்டுக்கு முன்பு ஒரு சண்டி இடிந்த செய்தியைப் பரப்பிய அதே முகநூல், இம்முறை ஒரு கண்டுபிடிப்பின் மகிழ்ச்சியைப் பரப்பியது. வாரம் ஒரு முறை அகழாய்வுக் குழியிலிருந்து மலாய், தமிழ், மாண்டரின் மூன்றிலும் ஐந்து நிமிடக் காணொளி போட்டால் எவ்வளவு பேர் பின்தொடர்வார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

என் பெரிய ஆசை இன்னொன்று. கடாரத்தின் சான்றுகள் ஓரிடத்தில் இல்லை. செபராங் பிறையில் 1834இல் ஜேம்ஸ் லோ கண்டெடுத்த மாநாவிகன் புத்தகுப்தனின் கல்வெட்டு கொல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கடார அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் ஊரின் வருவாயைக் கொடுத்ததைச் சொல்லும் செப்பேடுகள், நெதர்லாந்தின் லெய்டன் நகரின் பெயரால் அறியப்படுகின்றன. மெய்க்கீர்த்தி தஞ்சைக் கோயில் கல்லில் இருக்கிறது. தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில் குளோங் தோம் பௌத்த மடத்து அருங்காட்சியகத்தில், ஒரு பொற்கொல்லர் பொன் உரசிப் பார்த்த கல் இருக்கிறது. அதில் தமிழ்ப் பிராமியில் 'பெரும்பதன் கல்' என்று பொறித்திருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தக் கல்லின் வயது ஏறத்தாழ 1,700 ஆண்டு. தொழிற்கருவியில் தன் பெயரை எழுதிவைத்த ஒரு தமிழ்த் தட்டார் நம் பக்கத்து நாட்டுக் கரையில் பட்டறை போட்டிருந்தார். அரசர்களின் பட்டியலைவிட எனக்கு இவர் முக்கியம்.

கொல்கத்தா, லெய்டன், தஞ்சை, குளோங் தோம், மெர்போக், லண்டன் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவர எந்த அரசாலும் முடியாது. ஒரே திரையில் கொண்டுவர முடியும். ஒவ்வொரு பொருளும் முப்பரிமாணத்தில், அதன் எழுத்து வாசிப்போடு, எங்கே எப்படிக் கிடைத்தது என்ற குறிப்போடு, மலாயிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் சீனத்திலும். தேசிய அருங்காட்சியகத் துறை முன்னின்று அழைத்தால் கைகொடுக்க ஆள் இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை கோலாலம்பூரிலேயே இருக்கிறது. பினாங்கில் பிறந்து ஜெர்மனியில் வாழும் முனைவர் க. சுபாஷிணியும் பேராசிரியர் நா. கண்ணனும் 2001இல் தொடங்கிய தமிழ் மரபு அறக்கட்டளை, பெரும் நிதியில்லாமலேயே ஓலைகளையும் ஊர் வரலாறுகளையும் இணையத்தில் சேர்த்து வந்திருக்கிறது. ஆர்வலர்களால் இவ்வளவு முடிந்தால் அரசுத் துறையால் அதைப் பல மடங்கு செய்ய முடியும்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. திறப்பு விழாவுக்குப் பளபளக்கும் திரைகள் ஓராண்டில் இருண்டு, 'பழுது' என்ற தாளோடு நிற்பதைப் பல நாட்டு அருங்காட்சியகங்களில் பார்க்கலாம். திரை வாங்கப் பணம் ஒதுக்குவார்கள், அதைப் பராமரிக்கும் ஆளுக்கு ஒதுக்க மாட்டார்கள். ஆகவே விலையுயர்ந்த தலைக்கவசக் கருவிகளைவிட, வருகையாளர் கையில் ஏற்கெனவே இருக்கும் கைப்பேசிக்கு ஏற்றவாறு எல்லாவற்றையும் அமைப்பதே நமக்குச் சரி. பதிவுகளை எவரும் இறக்கிக்கொள்ளும்படி திறந்துவிட வேண்டும். 2018இல் ரியோ டி ஜெனீரோவில் பிரேசிலின் தேசிய அருங்காட்சியகம் தீக்கிரையானபோது, பார்வையாளர்கள் எடுத்து வைத்திருந்த படங்களைக் கேட்டுத் திரட்ட வேண்டியதாயிற்று. பிரதி பல இடங்களில் இருப்பது பாதுகாப்பு.

அருங்காட்சியகத் துறையிடம் என் வேண்டுகோள் மூன்று: முதல் காட்சிக்கூடத்துக்குத் தமிழ் ஒலி வழிகாட்டி, பீடோர் சிலைக்கும் மெர்போக் கல்பேழைகளுக்கும் எவரும் திறந்து பார்க்கக்கூடிய முப்பரிமாணப் பதிவு, பூஜாங் பள்ளத்தாக்கில் பதிவான ஒவ்வொரு இடத்துக்கும் பொது வரைபடத்தில் ஒரு புள்ளி. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் இதையே கடிதமாக எழுதி அனுப்பலாம். பல பள்ளிகளிலிருந்து ஒரே நேரத்தில் கடிதம் போனால் படிக்காமல் இருக்க மாட்டார்கள்.

அதற்கு முன்பு, செராஸ்வாசிகளே, ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். தாமான் மிடா, தாமான் கன்னாட், பத்து 11 செராஸ் என எந்த நிலையத்தில் எம்.ஆர்.டி. ஏறினாலும், காஜாங் தடத்தில் இடையில் மாறாமலே முஸியம் நெகாரா நிலையத்தில் இறங்கலாம். கிள்ளான்காரர்கள் கொமுட்டர் பிடித்து கே.எல். சென்ட்ரல் வந்தால் நடைபாலத்தில் நடந்து சேரலாம். பிள்ளைகளையும் பாட்டி தாத்தாவையும் சேர்த்து அழைத்துப் போங்கள். முதல் காட்சிக்கூடத்தில் நின்று, அவர்களுக்கு நீங்களே தமிழில் சொல்லுங்கள். வெளியே வரும்போது வருகையாளர் புத்தகத்தில் தமிழ் ஒலி வழிகாட்டி வேண்டும் என்று எழுதிவிட்டு வாருங்கள்.